பாசியைச் சுரண்டுவதற்கு முன்

குடமுழுக்குக்கு நாள் குறித்தாயிற்று என்றால் பாலாலயம் முடிந்த கையோடு சாரம் கட்டுவார்கள். சாரம் ஏறிய கையோடு ‘வாட்டர் வாஷ்’ பேச்சு வந்துவிடும். மோட்டார் ஓடும், குழாய் முனையிலிருந்து தண்ணீர் ஊசியாய்ப் பீறிட்டு அடிக்கும், கறுத்துக் கிடந்த மதிலும் மண்டபமும் இரண்டே நாளில் நேற்றுக் கொத்தி நிறுத்தியதுபோல் வெளுத்து நிற்கும். ஊரார் பார்த்து மகிழ்வார்கள். உபயதாரருக்குக் கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியும். திருப்பணியில் இவ்வளவு விரைவாகப் பலன் காட்டும் வேலை வேறு எதுவும் இல்லை. அதனால்தான் அந்தக் கறுப்பும் பச்சையும் எங்கிருந்து வந்தன, வழித்தெடுத்ததில் கல்லுக்கு என்ன ஆயிற்று, மூன்று மழைக்காலம் கழித்து அதே இடம் ஏன் மறுபடி கறுக்கிறது என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், வெளிப்புறக் கல்லில் படரும் பாசியையும் லைக்கனையும் அகற்றுவது பெரும்பாலான இடங்களில் முதல் வேலையாக இருக்கக் கூடாது என்பது தெரியவரும். சில இடங்களில் அது தேவையே இல்லாத வேலை.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளம் இதைப் பேசத் தோதான ஊர். ஊருக்குள் ஏகாம்பரேஸ்வரர் கோயில். பக்கத்துக் குன்றின் மேல் கையில் கரும்பு ஏந்திய தண்டாயுதபாணி. ஆக, தரையில் ஈரம் ஏறும் கல்லும், உச்சியில் வெயிலும் காற்றும் தின்னும் கல்லும், நடுவே பக்தர்கள் கால் வைக்கும் படிக்கல்லும் இங்கே ஒரே பார்வையில் கிடைக்கின்றன. வானம் பார்த்த சின்ன வெங்காயச் சீமை இது. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடாது, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கேரளத்துக் கோயில்களைப்போல ஆண்டு முழுக்கப் பச்சை பூத்துக் கிடக்க இங்கே ஈரம் இல்லை. இவ்வளவு காய்ந்த ஊரில் ஒரு கல் சித்திரை மாதத்திலும் பச்சையாக இருக்கிறது என்றால் குற்றத்தைப் பாசியின் மேல் போட முடியாது. அந்தக் கல்லுக்கு எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

‘பாசி பிடித்திருக்கிறது’ என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். கல்லின் மேல் இருப்பவை மூன்று வகை உயிர்கள். மூன்றின் குணமும் வேறு வேறு. முதலாவது, பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும் மாஸ் என்கிற பசும்பாசி. இதற்கு வேர் கிடையாது. வேர்போன்ற மெல்லிய இழைகளால் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். கோடையில் சருகாய் வாடி, ஒரு மழை பெய்தால் சில மணி நேரத்தில் உயிர்த்தெழும். இரண்டாவது, கறுப்பு மையைக் கொட்டியதுபோல் மதிலில் வழிந்திருக்கும் நீலப்பசும்பாசி. தன்னை வெயிலிலிருந்து காத்துக்கொள்ள அது சுரக்கும் கருநிறமிதான் கோயில் சுவர்களின் கறுப்பில் பெரும்பகுதி. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் மிச்சப் பகுதி. மூன்றாவது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஓருடலாய்ச் சேர்ந்து வாழும் இந்த விந்தையை சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் எடுத்துச் சொன்னபோது அக்காலத்து லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். நம் சமையலறைக்கு லைக்கன் புதிதல்ல. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான்.

லைக்கன் வட்டு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நெருங்கிப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். கருங்கல்லில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பொருக்கு, வெயிலில் வெடித்த ஏரி வண்டல்போல் சிறு சிறு கட்டங்களாகப் பிளந்திருக்கும். நடுவில் குண்டூசித் தலையளவு கறுப்புக் குழிகள். பூஞ்சை தன் வித்துகளை அங்கிருந்துதான் வெளியே விடுகிறது. விளிம்பில் மெல்லிய வெளிறிய கோடு. வளர்ச்சி நடப்பது அங்கே மட்டும்தான். வட்டு பழையதாக இருந்தால் நடுப்பகுதி உதிர்ந்து, அடியிலிருக்கும் கல் சற்றே சொரசொரப்பாகத் தெரியும். நகத்தால் நிமிண்டினால் காய்ந்த நிலையில் வராது. வந்தாலும் தன்னோடு கல்லின் மணிகள் சிலவற்றைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். ஏனென்றால் பூஞ்சை இழைகள் மேலே ஒட்டியதோடு நிற்பதில்லை. கருங்கல்லில் மின்னும் அபிரகத்தின் ஏடுகளுக்கு இடையே புகுந்து மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே போயிருக்கும். பாறையில் ஒட்டி வளரும் இவ்வகை லைக்கன்களில் பல, குளிர்நாடுகளில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. பனியாறு பின்வாங்கிய காலத்தை அவற்றின் விட்டத்தை அளந்து கணிக்கும் முறையை ரோலண்ட் பெஷல் 1950இல் தொடங்கி வைத்தார். வெப்ப நாட்டில் வளர்ச்சி இதைவிட வேகம்தான். அப்படியும், கல்லில் பதிந்திருக்கும் ஒரு ரூபாய் அகல வட்டு போன வருஷத்துச் சரக்காக இருக்காது.

பெரம்பலூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மொட்டைப் பாறைக் குன்றுகள் கண்ணில் படும். அவற்றின் சரிவில் உச்சியிலிருந்து அடி வரை கருங்கோடுகள் இறங்கியிருக்கும். அது கல்லின் நிறமன்று. மழைநீர் வழியும் தடத்தில் மட்டும் நீலப்பசும்பாசியும் லைக்கனும் குடியேறியதால் வந்த நிறம். கோடுகளுக்கு நடுவே நீர் தங்காத பாறை தன் இயல்பு நிறத்திலேயே இருக்கும். கோயில் மதிலிலும் இதே கதைதான். கபோதத்துக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் கறுப்பு வழிந்திருந்தால் அதற்கு நேர் மேலே தூம்பு அடைத்திருக்கிறது அல்லது தளவரிசை விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். அதிட்டானத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பச்சைப் பட்டை ஓடினால் திருச்சுற்றில் நீர் தேங்கி ஓதம் ஏறுகிறது. தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் கல்லின் மேல் வரைந்து காட்டும் இந்தப் படத்தை, படிக்காமலே துடைத்துவிட்டு, பிறகு கர்ப்பகிருகத்தில் ஒழுகுகிறதே என்று ஸ்தபதியைக் கூப்பிடுகிறோம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். லைக்கன் அமிலம் சுரந்து கல்லை அரிக்கும் என்பது பள்ளிப் பாடம். பாறையை மண்ணாக்கும் முதல் உயிர் அதுதானே, அதைச் சிற்பத்தின் மேல் விட்டுவைக்கலாமா? பாடம் சொல்வது உண்மைதான். லைக்கன் பூஞ்சை ஆக்சாலிக் அமிலம் சுரக்கிறது. அது கல்லின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட்டாகப் படிகிறது. அபிரகத்தின் இரும்பு கரைந்து துருக்கறை தோன்றுகிறது. நனைவதும் காய்வதுமாக அதன் உடல் ஊதிச் சுருங்கும்போது கல்மணிகள் தளர்கின்றன. ஆனால் பாறை மண்ணாகும் கணக்கு புவியியல் காலத்தின் கணக்கு. கெட்டியான கருங்கல்லில் சில நூறு ஆண்டுகளில் லைக்கன் செய்யும் சேதம் மேல்தோலோடு முடிந்துபோவதுதான் பெரும்பாலும் வழக்கம். அதோடு, சில கற்களில் இந்தப் பொருக்கே ஒரு போர்வையாக நின்று வெயிலின் சூட்டையும் மழையின் அடியையும் வாங்கிக்கொள்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹெதர் வைல்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகளாக இந்தக் காக்கும் குணத்தை ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். ஆகவே லைக்கன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. இந்தக் கல்லில், இந்த இடத்தில், இதை விடுவதால் வரும் சேதம் பெரிதா எடுப்பதால் வரும் சேதம் பெரிதா என்றுதான் கேட்க வேண்டும். பொருக்கு விட்டு உதிர்கிற கல்லும் நுணுக்கச் சிற்பமும் என்றால் விடை ஒன்று; வெறும் மதில் கல் என்றால் விடை வேறு.

எடுப்பதால் வரும் சேதம் எவ்வளவு என்பதை நாம் கைப்பட அனுபவித்திருக்கிறோம். ஒரு காலத்தில் சாண்ட் பிளாஸ்டிங் என்று மணலைக் காற்றழுத்தத்தில் வீசிக் கல்லைத் தேய்த்தார்கள். பாசி போனது, அதோடு சிற்பி இழைத்த மெருகும், கல்வெட்டின் எழுத்து விளிம்பும் போயின. சோழர் காலத்து எழுத்துகள் கல்லுக்குள் சில மில்லிமீட்டர் ஆழமே இறங்கியவை. அவை நிற்பதே விளிம்பின் கூர்மையால்தான். விளிம்பு மழுங்கினால் எழுத்துக்கும் கல்லின் இயற்கைக் குழிக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். அந்த முறைக்கு அறநிலையத் துறை தடை போட்டது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த வாட்டர் வாஷ் மணலைவிட மெல்லியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அழுத்தத்துக்கு அளவு வைக்காமல், முனையைக் கல்லுக்கு அருகே கொண்டுபோய் அடித்தால், தளர்ந்திருக்கும் மணிகள் கழன்று வரும். இணைப்புகளில் இருக்கும் பழைய சுண்ணாம்புச் சாந்து கரைந்தோடும். சுவரின் உள்ளே வரை தண்ணீர் ஏறும். ஈரத்தால் வந்த நோய்க்கு மேலும் ஈரம் ஊட்டுகிறோம். மேற்பரப்பும் சொரசொரப்பாகிவிடுவதால், அடுத்த மழையில் வந்து விழும் வித்துக்கு முன்னைவிட நல்ல பிடிமானம் கிடைக்கிறது. கழுவிய சுவர் கழுவாத சுவரைவிடச் சீக்கிரம் பச்சையாவதற்கு இது ஒரு காரணம்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் இதைவிடக் கேடு. ஆசிட் பட்டதும் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு அழுக்கு கரைகிறது என்று நினைக்கிறார்கள். அங்கே பொங்குவது பெரும்பாலும் இணைப்பில் உள்ள சுண்ணாம்பு. கருங்கல்லில் உள்ள இரும்புத் தாதுவும் அமிலத்தில் கரைந்து, சில மாதம் கழித்து மஞ்சளும் செங்காவியுமாகக் கறை கட்டும். பிளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்லும், கல் உடனே வெளுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உப்பை விட்டுப் போகிறது. கல்லின் நுண்துளைக்குள் போன உப்பு வெயிலில் படிகமாகி விரியும், மழையில் கரையும், மீண்டும் படிகமாகும். கல் அடுக்கடுக்காகச் செதில் விடுவதற்கு இதைவிட உறுதியான வழி இல்லை. அமெரிக்காவில் பழங்கல்லறைகளைப் பராமரிப்பவர்களுக்குத் தேசியப் பூங்காத் துறை சொல்லும் பாலபாடமே, கல்லில் பிளீச் ஊற்றாதே என்பதுதான்.

எந்தக் கல் என்று பார்க்காமல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதற்குப் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களே பாடநூல். நாம் கருங்கல் என்று பொதுப்படச் சொல்வதில் கிரானைட், நைஸ், சார்னோக்கைட் எல்லாம் அடக்கம். இவை அமிலத்துக்குச் சட்டென்று இளகாதவை. கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் ஒரு காலத்தில் கடல் கிடந்த பூமி. அங்கே சுண்ணாம்புக்கல் எடுத்துத்தான் 1979இல் அரசு சிமென்ட் ஆலை தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லில் எலுமிச்சைச் சாறு பட்டாலே அரிக்கும். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமோ மூன்றாவது இனம். இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகுக்கு அறிவித்த அந்த 12 கோடி ஆண்டு மரத்தில் மரச்சத்து முழுக்கப் போய்ச் சிலிக்கா உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் உடலெங்கும் விரிசல். அதன் மேல் குழாயைத் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். கோயிலுக்குள்ளேயே பாருங்கள்: கோபுரத்தின் கீழ்நிலை கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். சுதை என்பது சுண்ணாம்பு. கல்லுக்கு அடித்த ஆசிட்டின் சாரல் சுதையில் பட்டால் பொம்மையின் மூக்கும் விரலும் கரையும்.

வெளிநாட்டில் இரண்டு பெரிய அனுபவங்கள் நமக்குப் பாடம். ஜாவாவில் உள்ள போரோபுதூர் ஸ்தூபம் எரிமலைக் கல்லால் ஆனது. பாசியும் மாஸும் லைக்கனும் மூடிச் சிற்பம் தெரியாமல் கிடந்தது. யுனெஸ்கோ துணையோடு எழுபதுகளில் வேலை தொடங்கியவர்கள், தேய்த்துக் கழுவி ஓவியம்போல் ஆக்கிவிட்டுப் போகவில்லை. தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்தார்கள். உள்ளே இருந்த மண்குன்றுதான் மழையைக் குடித்துச் சிற்பச் சுவர் வழியாக வியர்த்தது. அதனால் லட்சக்கணக்கான கற்களைப் பிரித்தெடுத்து, உள்ளே வடிகால் அடுக்குகள் வைத்து, கல்லைச் சுத்தம் செய்து மறுபடி அடுக்கினார்கள். 1983இல் ஸ்தூபம் மீண்டும் திறக்கப்பட்டது. வெட்டவெளிச் சின்னம், வெப்பமண்டல மழை. பாசி முற்றிலும் வராமல் போய்விடவில்லை. எனினும் கசிவு அடங்கியது. பிற்காலத்தில் அங்குள்ள பாதுகாப்பு ஆய்வகம் கடும் மருந்துகளைக் குறைத்துத் தாவர எண்ணெய்களைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு நிதானம் வந்தது.

இன்னொன்று அங்கோர் வாட். அங்கே போனவர்கள் நம்மவர்கள். 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறைக் குழுக்கள், உள்நாட்டுப் போர் ஓயாத கம்போடியாவில், வேறு நாட்டார் போகத் தயங்கிய நேரத்தில் வேலை செய்தன. நீர்த்த அம்மோனியா, சோப்புக் கரைசல், தூரிகை கொண்டு மணற்கல் சுவரைத் தேய்த்துக் கழுவி, பூஞ்சைக்கொல்லி அடித்து, மேலே பிசின் பூச்சு கொடுத்தார்கள். இந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். இடிந்த பகுதிகளை எடுத்துக் கட்டியதில் அவர்கள் பங்கு பெரிது. ஆனால் அந்தக் கழுவல் முறையைப் பிறநாட்டு வல்லுநர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். மணற்கல்லின் மேல்தோல் தேய்ந்தது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கழுவிய சுவர்கள் பின்னாளில் கருமை பூண்டதையும் எடுத்துக்காட்டினார்கள். வெளிறிய லைக்கன் போன இடத்தில் கறுத்த நீலப்பசும்பாசி ஏறுவது ஆச்சரியமில்லை. காலியான மனையில் யார் முதலில் குடியேறுவார்கள் என்பதை மருந்து தீர்மானிப்பதில்லை. ஈரமும் வெயிலும்தான் தீர்மானிக்கின்றன. போரோபுதூரில் செலவு தண்ணீரை விரட்டப் போனது, அங்கோரில் பாசியை விரட்டப் போனது. இரண்டையும் ஒப்பிடும்போது கல்வகை வேறு, காலச்சூழல் வேறு என்று சொல்லலாம், சரிதான். ஆனாலும் எது நிலைக்கும் என்ற கேள்விக்கு இந்த ஒப்பீட்டைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

நம் கோயில்களில் தண்ணீர் வரும் வாசல்கள் தெரிந்தவைதான். கோமுகியைப் பாருங்கள், எந்தக் கோயிலிலும் அதன் அடிதான் முதலில் பச்சையாகும். வருவது வெறும் தண்ணீரா? பாலும் தயிரும் பஞ்சாமிர்தமும் கலந்த அபிஷேகத் தீர்த்தம் பாசிக்கு உரம். அதை ஒரு தொட்டியில் பிடித்து வாய்க்கால் வழியே வெளியே விட்டாலே அந்தப் பக்கத்து அதிட்டானம் பாதி குணமாகும். அடுத்து மேல்தளம்: தட்டோடு பெயர்ந்து, தூம்பில் புறா எச்சமும் அரசிலைச் சருகும் அடைத்து, ஒரு மழை பெய்தால் மூன்று நாள் குளம்போல் நிற்கும். அப்புறம் சிமென்ட். சிமென்ட் விளையும் சீமை என்பதாலோ என்னவோ, விரிசல் கண்ட இடமெல்லாம் சிமென்ட் பூசுகிறோம். பழைய சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும். உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் வாயை அடைத்துவிடுவதால் ஈரம் கல்லின் வழியே வெளியேறப் பார்க்கிறது, கல்லின் முகம் நோகிறது. கங்கைகொண்ட சோழபுரம்போலச் சுற்றிலும் புல்வெளி வளர்க்கும் சின்னங்களில், பாய்ச்சும் நீர் அதிட்டானத்தில் தெறிக்காமலும் அடித்தளத்தில் இறங்காமலும் பார்த்துக்கொள்வது அந்தந்த ஊழியர்களின் அன்றாட வேலையாக வேண்டும். முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய அந்த விமானம் ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிவிட்டது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் வேண்டும் என்று அதே வளாகத்தின் மதிலை உடைத்துக்கொண்டு போனதை நினைத்தால், கல்லுக்குப் பாசியைவிட மனிதன்தான் பெரிய பகை என்று தோன்றும்.

பாசியிலும் பயப்பட வேண்டியது எது என்றால், இணைப்புகளில் மெத்தை கட்டும் மாஸ். அதன் அடியில் தூசி சேர்ந்து மண்ணாகிறது. காகம் எச்சமிட்ட அரசம் விதையோ ஆலம் விதையோ அந்த மண்ணில் விழுந்தால் முளைத்துவிடும். அரசின் வேர் விமானத்துக்குள் இறங்கினால் கல்லைக் கல்லிலிருந்து பெயர்த்துவிடும். அப்போது கழுவவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. மேலே கிளையை மட்டும் வெட்டிவிட்டால் இரட்டிப்பாகத் தழைக்கும். விரல் நீளக் கன்றாக இருக்கையில் வேரோடு எடுப்பது ஒரு ஆளின் அரைமணி வேலை. பத்து வருஷம் விட்டால் விமானத்தையே பிரித்துக் கட்டும் வேலை. மதிலின் லைக்கனைச் சுரண்ட ஆள் வைத்துவிட்டு, தலைக்கு மேல் இருக்கும் கன்றைக் கண்டுகொள்ளாமல் விடும் திருப்பணிகள் உண்டு. அது எனக்குப் புரியாத சிக்கனம்.

இனி பக்தர்கள் தரப்பு. மலைப்படியில் பாசி பிடித்தால் வழுக்கி விழமாட்டார்களா? விழுவார்கள். படி, தளவரிசை, குளத்துப் படித்துறை ஆகியவற்றில் பாசியை விட்டுவைக்கச் சொல்வது விபரீதம். அங்கே மழைக்காலம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மருந்து தேவையில்லை, தென்னை ஈர்க்கு விளக்குமாறும் சொரசொரப்பான நார்த் தூரிகையும் போதும். கால் பட்டுத் தேயும் கல்லில் தூரிகை செய்யும் தேய்மானம் கணக்கிலேயே வராது. கோயில் தூய்மையாக இருப்பதல்லவா ஆகமம் என்பது அடுத்த கேள்வி. தூய்மை வேண்டும், குப்பை, எண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரக் கரி, வௌவால் எச்சம் எல்லாம் போக வேண்டும். சிலைகளில் எண்ணெய் வழிய வழியப் பூசி, அதில் தூசி ஒட்டிக் கறுத்ததைப் பாசி என்று சொல்லி ஆசிட் அடிக்கிறவர்கள்தான் இந்தத் தூய்மைக்கு எதிரிகள். கல் தன் வயதோடு இருப்பது அழுக்கு ஆகாது. ஆயிரம் ஆண்டுக் கல்லைப் புதுக்கல்போல் காட்ட வேண்டும் என்ற ஆசை, கடைத்தெருவில் விற்கும் பாலிஷ் கிரானைட்டைப் பார்த்துப் பழகிய கண்ணின் ஆசை.

கல்வெட்டு படிப்பவர்கள் கேட்பது இன்னும் வலுவான கேள்வி: எழுத்தின் மேல் லைக்கன் மூடினால் எப்படிப் படிப்பது? அதற்கு விடை கல்வெட்டுத் துறையிலேயே இருக்கிறது. ஹுல்ட்ஷ் தொகுத்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890இல் வந்தது. அந்தக் காலம் தொட்டு மைப்படி எடுப்பவர்கள் செய்து வருவது, தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்து, நனைந்த தாளை அதன் மேல் அடித்து, மை ஒற்றி எடுப்பதுதான். தமிழகத்தின் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் இந்த எளிய சுத்தத்திலேயே படிக்கப்பட்டுவிட்டன. எங்கோ ஒரு வரி பொருக்குக்குள் மாட்டிக்கொண்டால், அந்த வரிக்கு மட்டும் வல்லுநர் வந்து வேலை பார்க்கட்டும். அதற்காகச் சுவர் முழுவதையும் ஏன் சீய்க்க வேண்டும்?

எடுத்தே ஆக வேண்டிய இடத்தில் எப்படி எடுப்பது? அவசரம் கூடாது என்பதுதான் முறையின் பாதி. இந்தப் பக்கத்துக்கு ஏற்ற காலம் வடகிழக்கு மழை ஓய்ந்த தை, மாசி: மாஸில் ஈரம் மிச்சம் இருக்கும், வேலை முடிந்த கல் காய வெயிலும் இருக்கும். முதலில் ஒழுகலை அடைத்து, தூம்பைத் திறந்து, ஒரு பருவம் பார்க்க வேண்டும். ஈரம் நின்றதும் மாஸில் பாதி தானே செத்து உரிந்துவிடும். மிச்சத்தை மூங்கில் சீவலால் மெல்ல நெம்பி எடுக்கலாம். லைக்கனை ஒருபோதும் காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது; நன்றாக நனைத்து, ஊறவிட்டு, நைலான் தூரிகையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கம்பித் தூரிகை ஆகவே ஆகாது. கல்லைக் கீறுவதோடு, உதிர்ந்த இரும்புத் துகள் துருவாகக் கறை வைக்கும். வராததை வற்புறுத்தாமல் விட்டுவிட வேண்டும். மருந்து தேவைப்பட்டால் மறைவான ஓரிடத்தில் உள்ளங்கை அளவு சோதித்து, சில மாதம் காத்திருந்து பார்த்த பிறகே அடுத்த அடி. மருந்தில்லாத வழி ஒன்றும் உண்டு. இத்தாலியின் த்ரியேஸ்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காட்டியதுபோல், காய்ந்த லைக்கன் கடும் சூட்டையும் தாங்கும், நனைந்த லைக்கன் தாங்காது. ஈரத்தோடு வைத்து 55 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் சூடேற்றினால் இறந்துவிடுகிறது. சித்திரை வெயிலைக் காசில்லாமல் பெறும் பெரம்பலூரில், நனைத்த கல்லைக் கறுப்புத் தாளால் மூடிவைத்து இதைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க நம் கல்லூரிகளுக்கு என்ன தடை?

ஆட்கள் இல்லை, அறிவு இல்லை என்று சொல்ல வழியில்லை. தொல்லியல் துறை 1917இலேயே முகமது சனாவுல்லாவைத் தொல்லியல் வேதியியலாளராக அமர்த்தியது. அந்தப் பிரிவு இன்று டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் பரமசிவன் தலைமையில் வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் வந்துவிட்டது. 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் பழஞ்சின்னங்களையும் கோயில்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களைத் தந்திருக்கிறது. குறை எங்கே என்றால், வேலைக்கு விலை பேசும் இடத்தில். சதுர அடிக்கு இவ்வளவு என்று கழுவக் கூலி பேசினால், ஒப்பந்தக்காரர் சதுர அடிகளைத்தான் கழுவுவார்; ஒழுகலைத் தேடிப் போகமாட்டார்.

உபயதாரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குடமுழுக்குக்கு நன்கொடைச் சீட்டு வரும்போது வாட்டர் வாஷுக்குக் கொடுக்காதீர்கள். மேல்தளத்துத் தட்டோடுக்குக் கொடுங்கள். தூம்புக்கும் கோமுகி வாய்க்காலுக்கும் சுண்ணாம்புச் சாந்துக்கும் கொடுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறி அரசங்கன்று பிடுங்கும் ஆளின் கூலிக்குக் கொடுங்கள். பளிங்குப் பலகையில் பெயர் பொறிக்கத்தான் வேண்டும் என்றால், அதைத் தூம்பின் பக்கத்தில் பதிக்கச் சொல்லுங்கள்.